அரை ஏழு

ஆர்க்னியில் ஒரு படகுத்துறை.
கயிறு கட்டுவதும் அவிழ்ப்பதும் நான்,
இருபத்தாறு வருடமாக.
அலை எப்படி இருந்தாலும்
ஏழரை என்றால் ஏழரை.
பதிவேட்டில் அதற்கொரு கட்டம் உண்டு:
ஆன் டைம். ஆம், அல்லது இல்லை.
இன் டைம் என்பதற்குக் கட்டம் கிடையாது.

வீப்கே ஹார்ம்ஸ் மார்ச் மாதம் வந்தவள்,
ஜெர்மனியின் வடகரையிலிருந்து. மாட்டு டாக்டர்.
அவள் இங்கிலீஷ்
எங்களுடையதைவிடச் சுத்தம்,
சலவை செய்து மடித்ததுபோல.

அக்கரையிலிருந்து எர்லண்ட் ஐஸ்பிஸ்டர்
போனில் கத்தியிருக்கிறான்:
கிடேரி, தலை ஈத்து,
கன்று குறுக்கே கிடக்கிறது,
ஹாஃப் செவன் கப்பலைப் பிடி!

எங்களுக்கு அது
ஏழு முடிந்து மேலே அரை மணி.
அவள் ஊர்க்காரர்களுக்கோ
ஏழாவது மணி பாதிதான் நிரம்பியிருக்கிறது.
இரண்டுக்கும் நடுவில் அறுபது நிமிடம்,
அன்றைக்கு அறுபதும் மழை.

ஆறரைக்கு வந்து நின்றாள்.
காத்திருப்பு அறை பூட்டியிருந்தது.
கதவில் என் கையெழுத்து: 'வெள்ளி வரை மூடியிருக்கும்.'
'வெள்ளிக்குள் திறந்துவிடும்' என்றுதான்
எழுத நினைத்தேன்.
பெயின்ட்காரன் வியாழனே முடித்துவிட்டான்.
என் அறிவிப்புக்கு நானே கட்டுப்பட்டு
சாவியைப் பையில் வைத்திருந்தேன்.

"கப்பல் லேட்" என்றாள், மூக்கு நுனியில் நீர் சொட்ட.
"இல்லை, நீங்கள்தான் சீக்கிரம்."
கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள்:
"நான் ஆன் டைம்."
சிரித்துவிட்டேன்.
சிரிப்பு பாதியில் நின்றது.

போன நவம்பர். இதே ஏழரை.
மேட்டுச் சாலையில் இரண்டு விளக்குகள்
இறங்கிக்கொண்டிருந்தன,
வளைவில் மறைந்து
மறுபடி தெரிந்தன.
கயிறு என் கையில்.
அவிழ்த்தேன்.

விளக்குகளுக்குப் பின்னால் இருந்தது டேவி ரெண்டால்.
அக்கரையில் அவன் தம்பிக்கு
மூச்சு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
டேவி காலைக் கப்பலில் போனான்,
அதுவும் ஆன் டைம்.

அவன் என்னைத் திட்டவில்லை.
ஈஸ்டர் கழித்து டிக்கெட் வாங்கும்போது,
சில்லறையை எண்ணியபடி, யாரிடமோ போல:
"இன் தி எண்ட் அமைதியாகத்தான் போனானாம்."
கொஞ்சம் பொறுத்து,
"அட் தி எண்ட் நான் இல்லை."
இவ்வளவு சின்ன சொல்லுக்குள்
இத்தனை அகலமான கடலா
என்று நினைத்தேன்.
பாக்கி பத்து பென்ஸ் கொடுத்தேன்.

சரி, மழைக்கு வருகிறேன்.
ஜிம் கிளவுஸ்டன் நண்டுக் கூண்டுகளை ஏற்றிவிட்டு
மோட்டாரை உதைத்துக்கொண்டிருந்தான்.
கூப்பிட்டேன்.
அவன் படகில் ஆள் ஏற்ற அனுமதி இல்லை;
கூண்டுகளுக்கிடையில்
அவளும் ஒரு கூண்டுபோல உட்கார்ந்தாள்.
ஆறு ஐம்பத்தைந்து.

ஏழரைக்குக் கயிற்றின் அருகே நின்றேன்.
மேட்டைப் பார்த்தேன், இருட்டு.
மறுபடி பார்த்தேன்.
கேப்டன் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.
ஏழு முப்பத்திரண்டுக்கு அவிழ்த்தேன்.
கட்டத்தில்: இல்லை.
காரணம் என்ற இடத்தில்: மழை.
யாரும் வரவில்லை என்பது
பதிவேட்டுக்குத் தேவையில்லாத செய்தி.

இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால்
இரண்டுமே போயிருக்கும் என்றான் எர்லண்ட் பிறகு.
கன்று நிற்கிறது. தாய்க்குப் பதினேழு தையல்.
தப்பான மணிக்கு வந்தவள்
சரியான வேளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

மறுநாள் அவளே வந்தாள்,
தோள்வரை நாறும் கோட்டோடு.
தையலைப் பார்க்க
'தி பேக் ஆஃப் நைன்' வரச் சொல்கிறானாம் எர்லண்ட்.
"ஒன்பதின் முதுகு என்றால்
ஒன்பதுக்கு முன்னாலா, பின்னாலா?"

பிறந்ததிலிருந்து சொல்லும் சொல்.
யோசித்ததே இல்லை.
வளைவில் மறைந்த விளக்குகள் ஞாபகம் வந்தன.

"பின்னால்தான்" என்றேன்.
"கடந்து போனால்தானே முதுகு தெரியும்."

தலையாட்டி, நோட்டில் குறித்துக்கொண்டாள்.
நான் சாவியை எடுத்து
அறையைத் திறந்துவிட்டேன்.
வெள்ளிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.